262ஆவது பெயர்

சன்னிவேல்
ஜூன் 2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் வேலையைப் பற்றிச் சொன்னபோது உன் குரல் சரியாகவே இல்லை. "வேற ஒருத்தர் வரமாட்டேன்னு சொன்னதாலதான்பா என்னை எடுத்தாங்க. இங்க நான் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்" என்றாய். போனில் நான் எதைச் சொன்னாலும் அப்பா சமாதானம் சொல்கிறார் என்றுதான் உனக்குத் தோன்றும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ இருக்கிற டி மொய்னிலிருந்து வடக்கே முக்கால் மணி நேரம் போனால் ஏம்ஸ் வரும். அங்கே ஐயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் விளையாடிய பிராக் பர்டியைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். உனக்கு இந்த அமெரிக்க ஃபுட்பால் பிடிக்காது. ஆட்டம் இருக்கிற ஞாயிற்றுக்கிழமை டாஸ்மன் டிரைவ் பக்கம் கார் நகராது என்பதற்கு மேல் நீ அதில் அக்கறை காட்டியதில்லை. சரி, இந்த ஒரு தடவை எனக்காகப் படி.

பர்டி அரிசோனா பையன். உயரம் 6 அடி 1 அங்குலம். நமக்கு அது உயரம்தான், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக் இடத்துக்குக் கட்டை. 2018இல் ஏம்ஸுக்கு வந்தபோது அவனுக்கு 18 வயது, வரிசையில் மூன்றாவது ஆள். முதல் குவார்ட்டர்பேக்குக்குக் காயம். அக்டோபர் 6ஆம் தேதி ஓக்லஹோமா ஸ்டேட் அணியோடு அவர்கள் ஊரிலேயே ஆட்டம். இரண்டாமவர் தொடங்கிய ஆட்டத்தில் சற்று நேரத்திலேயே இவனை இறக்கினார்கள். பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிச் சேர்ப்பதுதான் டச் டவுன். அப்படி 4 டச் டவுன் எறிந்தான், ஒன்றுக்குத் தானே ஓடினான். 48-42 என்று ஜெயித்தார்கள். அதற்கப்புறம் நான்கு ஆண்டும் அந்த இடம் அவனுடையதுதான். பெரிய வெற்றிகளுக்குப் பழகாத அந்தக் கல்லூரி, 2021 ஜனவரியில் அரிசோனாவில் நடந்த ஃபியஸ்டா பவுல் என்ற பெரிய கல்லூரி ஆட்டத்தில் ஆரிகனை 34-17 என்று தோற்கடித்தது. பையன் சொந்த மாநிலத்திலேயே கோப்பையைத் தூக்கினான்.

இவ்வளவு செய்தும் 2022 டிராஃப்டில் கடைசி வரை அவன் பெயர் வரவே இல்லை. டிராஃப்ட் என்றால் என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீகின் 32 அணிகளும் முறைவைத்துக் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுப்பது. ஏழு சுற்று, மூன்று நாள். அந்த வருடம் எடுத்தது மொத்தம் 262 பேர். 262ஆவது பெயர்தான் பர்டி. குவார்ட்டர்பேக்குகள் மட்டும் ஒன்பது பேர், அதிலும் இவன் ஒன்பதாவது. கடைசி ஆளுக்கு 'மிஸ்டர் இர்ரெலவன்ட்', அதாவது 'பொருட்படுத்த வேண்டாதவர்' என்று பெயர் சூட்டுவது 1976இலிருந்து வரும் வழக்கம். நியூபோர்ட் பீச்சுக்கு அழைத்து விருந்து வைத்து, கையிலிருந்து பந்தைத் தவறவிடும் வீரனின் சிலையைப் பரிசாகத் தருவார்கள். அன்போடுதான் செய்கிறார்கள், கடைசி ஆளுக்கும் ஒரு கொண்டாட்டம் வேண்டும் என்பதுதான் அதன் தொடக்கமே. ஆனாலும் அந்தச் சிலையின் படத்தைப் பார்த்தபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. 22 வயதுப் பிள்ளையின் கையில் கொடுக்கிற பொருளா அது?

அவனை எடுத்தது நம் பக்கத்து ஃபார்ட்டி நைனர்ஸ் அணி. அங்கேயும் அவன் மூன்றாவது ஆள்தான். முதல் ஆள் ட்ரே லான்ஸ். அவரை 2021இல் மூன்றாவது இடத்தில் எடுப்பதற்காகவே அணி பல வருட முதல் சுற்று வாய்ப்புகளை விட்டுக்கொடுத்திருந்தது. அடுத்தவர் ஜிம்மி கரோப்போலோ, அணியை லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் வரை ஒரு தடவை கொண்டுபோனவர்.

அந்த மூன்றாவது ஆளுக்கு அங்கே என்ன வேலை என்று தெரிந்துகொண்டபோதுதான் எனக்கு இவன்மேல் மதிப்பு வந்தது. வாராவாரம் பயிற்சியில் அவன் எதிரணி குவார்ட்டர்பேக்காக நடிக்க வேண்டும். கோச் ஓர் அட்டையைத் தூக்கிக் காட்டுவார், அதில் எதிரணியின் திட்டம் வரைந்திருக்கும். அதைப் பார்த்து அப்படியே ஆட வேண்டும். அதனால் நன்மை சொந்த அணியின் தடுப்பு வீரர்களுக்குத்தான், இவனுக்கில்லை. சொந்தத் திட்டங்களை ஆடிப் பார்க்க அவனுக்கு வாய்ப்பு கிடைப்பதே அபூர்வம். பர்டி அந்த வேலையை ஏனோதானோ என்று செய்யவில்லை. எதிரே நிற்பது நிக் போசா, ஃப்ரெட் வார்னர் மாதிரி நாட்டிலேயே சிறந்த தடுப்பு வீரர்கள். தினமும் அவர்களை எதிர்கொள்வதையே தன் பயிற்சியாக ஆக்கிக்கொண்டான். இந்தப் பையனிடம் ஏதோ இருக்கிறது என்று முதலில் கவனித்ததும் அந்தத் தடுப்பு வீரர்கள்தான்.

அப்புறம் திட்டப் புத்தகம். கோச் கைல் ஷனஹான் ஒரு திட்டத்தைச் சொன்னால் அது ஒரு முழு வாக்கியம் நீளும். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் ஒலிபெருக்கியில் அது காதில் விழும், ஆட்டக் கடிகாரத்தில் 15 விநாடி மிச்சம் இருக்கும்போது தொடர்பு அறுந்துவிடும். அதன்பிறகு யாரும் உதவ முடியாது. மற்ற பத்துப் பேருக்கும் சொல்லி, எதிரணி நிற்கிற நிலையைப் படித்து, தேவைப்பட்டால் மாற்றி, பந்தை வாங்க வேண்டும். ஆடும் வாய்ப்பே இல்லாத மாதங்களில் அவன் இதையெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தான்.

செப்டம்பரில் லான்ஸுக்குக் கணுக்கால் உடைந்தது. டிசம்பர் 4 அன்று மயாமியோடு நடந்த ஆட்டத்தின் முதல் கால் பகுதியிலேயே கரோப்போலோவுக்குப் பாதம் உடைந்தது. 262ஆவது ஆள் உள்ளே வந்தான். 33-17, வெற்றி. அடுத்த ஞாயிறு அவன் தொடக்க ஆட்டக்காரனாக இறங்கிய முதல் ஆட்டம், எதிரே எல்லாரும் கொண்டாடும் குவார்ட்டர்பேக், 45 வயது டாம் பிரேடி. பிரேடி டிராஃப்டில் 199ஆவதாக எடுக்கப்பட்டபோது பர்டி தொட்டில் குழந்தை. ஆட்டம் 35-7. தன் முதல் தொடக்க ஆட்டத்திலேயே பிரேடியைத் தோற்கடித்த ஒரே குவார்ட்டர்பேக் இவன்தான்.

அன்று இவன் தானே பந்தோடு ஓடி டச் டவுன் போட்டதும் கேமரா கூட்டத்துக்குள் இருந்த அவன் அப்பாவைக் காட்டியது. அவரும் ஒருகாலத்தில் சிறு லீகுகளில் பேஸ்பால் ஆடியவர். வாயைத் திறந்து எதுவும் சொல்ல முடியாமல் கண்கலங்கி நின்றார். நானும் இங்கே சோபாவில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். உன் அம்மா சாட்சி.

அதிர்ஷ்டம் என்று சொல்கிறவர்கள் உண்டு. இருவருக்கு எலும்பு உடையாவிட்டால் இவனை யாருக்குத் தெரியும் என்பார்கள். உண்மைதான், அதை மறுக்க மாட்டேன். லான்ஸை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு கேட்கவில்லை. அந்தப் பிள்ளை எந்தத் தப்பும் செய்யவில்லை. கணுக்கால் போனது, இடம் போனது, மறுவருடமே டாலஸுக்கு அனுப்பிவிட்டார்கள். கதவு எப்போது திறக்கும் என்பது பர்டியின் கையிலும் இல்லை, லான்ஸின் கையிலும் இல்லை. ஆனால் திறந்த அன்று உள்ளே வந்தவனுக்குப் புத்தகம் முழுதும் தெரிந்திருந்தது. அது அதிர்ஷ்டத்தில் சேராது.

சுற்றிலும் நல்ல வீரர்கள் இருப்பதால்தான் ஆடுகிறான் என்றும் சொல்கிறார்கள். அவன் எறிவதைக் கவனித்துப் பார். பந்தைப் பிடிக்க வேண்டியவர் இன்னும் முதுகைக் காட்டி ஓடிக்கொண்டிருப்பார், அதற்குள் பந்து இவன் கையை விட்டுப் போயிருக்கும். அவர் திரும்புகிற இடத்துக்குப் பந்தும் வந்து சேரும். வலுவான தோள் இருப்பவர்கள் தாமதமாக எறிந்தும் சமாளிக்கலாம். இவனால் முடியாது, அதனால் முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்கிறான்.

கஷ்டமும் வந்தது. 2023 ஜனவரி, பிலடெல்பியாவில் அரையிறுதிக்கு நிகரான ஆட்டத்தின் தொடக்கத்திலேயே வலது முழங்கையில் தசைநார் கிழிந்தது. பதிலாக வந்தவருக்கும் தலையில் அடிபட, எறிய முடியாத கையோடு இவனே திரும்பவும் இறங்கி நின்றான். 31-7 தோல்வி. மார்ச்சில் அறுவை சிகிச்சை. செப்டம்பரில் முதல் ஆட்டத்துக்கே வந்துவிட்டான், பிட்ஸ்பர்க்கில் 30-7 வெற்றி. எதிரணிக் குவார்ட்டர்பேக் யார் தெரியுமா? 2022இல் அந்த ஒன்பது பேரில் முதலில் எடுக்கப்பட்ட கென்னி பிக்கெட்.

அந்த சீசனில் 4,280 கெஜம் எறிந்தான், அணியின் வரலாற்றிலேயே அதிகம். கிறிஸ்துமஸ் இரவு பால்டிமோரிடம் நான்கு பந்தை எதிரணிக்குக் கொடுத்துத் தோற்றதும் அதே சீசன்தான். டெட்ராய்ட்டோடு பாதி ஆட்டத்தில் 7-24 என்று பின்தங்கியிருந்து 34-31 ஜெயித்ததும் அதே சீசன்தான். சூப்பர் பவுலில் கூடுதல் நேரத்தில் தோற்றார்கள். இந்த மே மாதம் அணி அவனோடு 5 வருடத்துக்கு 265 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டது.

பணத்துக்காக இதை எழுதவில்லை, பாப்பா. அந்த அட்டையைப் பார்த்து எதிரணிக்காக ஆடிய மாதங்களுக்காக எழுதுகிறேன். உனக்கு இப்போது பழைய இன்சூரன்ஸ் கிளெய்ம் ஃபைல்களைச் சரிபார்க்கும் வேலைதான் கொடுத்திருக்கிறார்கள் என்றாய். அவற்றை நன்றாகப் படி. ஆலங்கட்டி மழைக்கு எந்தக் கூரை தாங்கியது, எது தாங்கவில்லை, எங்கே யார் தப்பாகக் கணக்குப் போட்டார்கள் என்பது அதில்தானே இருக்கிறது. மீட்டிங்கில் யாரும் உன்னைக் கேட்காவிட்டாலும், கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று நோட்டில் எழுதி வை. யாரை எந்த வரிசையில் கூப்பிட்டார்கள் என்பதை அந்த ஆபீஸில் நீ மட்டும்தான் இன்னும் ஞாபகம் வைத்திருப்பாய் என்று நினைக்கிறேன்.

செப்டம்பரில் நானும் அம்மாவும் வருகிறோம். ஏம்ஸில் ஜாக் ட்ரைஸ் ஸ்டேடியத்தில் ஓர் ஆட்டம் பார்க்க வேண்டும். 1923இல் ஆட்டத்தில் பட்ட காயத்தால் இறந்துபோன கறுப்பின மாணவனின் பெயர் அது, அவன் கதையை நேரில் சொல்கிறேன். எந்த சனிக்கிழமை உனக்கு லீவு என்று பார்த்துச் சொல், டிக்கெட் நான் போடுகிறேன். அம்மா பருப்புப்பொடி அரைத்து வைத்திருக்கிறாள். வேறு என்ன வேண்டும் என்று அவளுக்கு மெசேஜ் போடு.

அன்புடன்,
அப்பா