கொறங்காட்டில் எங்கள் பெட்டிகளைச் சுமந்தவர்களுக்கு

காங்கேயம் பக்கத்து மேய்ச்சல் நிலங்களான கொறங்காடுகளில் எங்கள் வயர்லெஸ் சோதனைக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் வணக்கமுங்க. சோதனை முடிந்தது, பதிவுகளையும் படித்துவிட்டோம். உங்களால் என்ன தெரியவந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்த நன்றி முழுசாகும்.

"அந்தப் பொட்டி எதுக்குங்க?" என்று நிறையப் பேர் கேட்டீர்கள். செல்போனுக்கு டவர் வேண்டும், வீட்டு வைஃபைக்கு ரூட்டர் வேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில், இந்தப் பெட்டிகள் மாதிரிக் கையில் இருக்கும் வயர்லெஸ் கருவிகளே ஒன்றின் செய்தியை இன்னொன்று வாங்கிக் கடத்த முடியுமா என்பதுதான் எங்கள் கேள்வி. அமெரிக்க ராணுவத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான டார்ப்பா 1970களில் நடத்திய, செய்தியைத் துண்டு துண்டாக ரேடியோவில் அனுப்பும் பாக்கெட் ரேடியோ சோதனைகளிலிருந்தே கேட்கப்பட்டு வரும் கேள்வி இது. ஆள் நடக்க நடக்க வழி மாறிக்கொண்டே இருக்கும், அதுதான் சிக்கல்.

நாங்கள் ஓட்டிப் பார்த்தது ஏஓடிவி என்ற முறை. தெரியாத ஊரில் ஒருவர் வீட்டை ஆள் மாற்றி ஆள் விசாரிப்பது மாதிரி, தேவை வரும்போது மட்டும் ஒரு பெட்டி "இன்ன பெட்டிக்கு வழி தெரியுமா?" என்று சுற்றியுள்ளவற்றைக் கேட்கும். கேள்வி யாரிடமிருந்து வந்தது என்று ஒவ்வொன்றும் குறித்துக்கொள்வதால் பதில் அதே தடத்தில் திரும்பி வந்துவிடும். பழைய தகவலை நம்பிச் செய்தி வட்டமடிக்காமல் இருக்க, எது புதுசு என்று காட்டும் வரிசை எண் உண்டு. பெர்க்கின்ஸ், பெல்டிங்-ராயர், தாஸ் மூவரும் எழுதி, 2003 ஜூலையில் இணைய நெறிமுறைகளின் பொது வரிசையில் ஆர்எஃப்சி 3561 என்று வெளிவந்த ஆவணம் அந்த முறையை விளக்குகிறது. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாம். அவர்களுக்கும் நன்றி.

மாடு மேய்க்கிற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்தான் பெரிய கடன். காட்டுக்குக் காடு நிற்கும் கிளுவை வேலியை வரைபடத்தில் வெறும் கோடாகப் போட்டிருந்தோம். மழைக்குப் பிறகு வேலி தழைத்து ஈரமாக நின்றபோது, பக்கத்துக் காட்டுப் பெட்டிகூட எட்டவில்லை. இலையில் இருக்கும் தண்ணீர் வைஃபை அலையை உறிஞ்சிவிடுகிறது. "கடவுப் பக்கம் வந்து நில்லுங்க, அங்க வேலி இல்லீங்க" என்று ஒரு அக்கா சொன்ன பிறகு, கடவுக்குக் கடவு ஒரு பெட்டி வைத்தோம். அறுந்த தொடர்பு திரும்ப வந்தது.

அப்புறம் பால்காரர் அண்ணன். அவர் மொபெட்டில் கட்டிய பெட்டி இல்லையென்றால் இந்த ஆராய்ச்சியில் பாதி இல்லை. களத்துக்குப் போகாமல் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் பாவனைகளில் பெரும்பாலும், ஆள் ஏதோ ஒரு புள்ளியைக் குறிவைத்து நேராக நடப்பதாக வைத்துக்கொள்வார்கள். அவர் இரு பக்கமும் வேலி உள்ள இட்டேரி வழியாகத்தான் போவார், ஒவ்வொரு கட்டுத்தறியிலும் நின்று பால் ஊற்றிக்கொண்டு கிளம்புவார். செய்தி ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்குப் போவது ஒரு தாவல். குறைந்த தாவல் உள்ள வழியைத் தேடும் ஏஓடிவி, தூரத்தில் போகிற அவரையே பிடித்துக்கொள்ளும். அவர் வளைவு திரும்பியதும் வழி அறும், மறுபடி எல்லாப் பெட்டியும் கேள்வி கேட்கத் தொடங்கும். அவர் சலிக்காமல் காலையும் மாலையும் அதே தடத்தில் போய்வந்ததால்தான் இதை உறுதியாகச் சொல்ல முடிகிறது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்திலிருந்து 2003இல் வந்த ஈடிஎக்ஸ் அளவுகோலைப் பின்பற்றி, எத்தனை தாவல் என்று பார்க்காமல் ஒரு செய்தி போய்ச்சேர எத்தனை தடவை அனுப்ப வேண்டியிருக்கும் என்று பார்க்கும்படி மாற்றினோம். வழி சற்று நீண்டது, ஆனால் நின்றது. இந்த நிலத்துக்கு அதுதான் சரி என்பது என் முடிவு.

பேட்டரிகளை இரவெல்லாம் தன் சாளை வீட்டில் சார்ஜ் போட்டுக் கொடுத்த அம்மிச்சிக்கும், பனியன் கட்டிங் துணியில் பெட்டிக்கு உறை தைத்துத் தந்த திருப்பூர் டெய்லர் அண்ணனுக்கும், நெறியாளருக்கும் என் நன்றி.

எந்த நேரத்தில் எந்த வழியில் செய்தி போனது என்ற படங்களைப் பால் சொசைட்டி சுவரில் ஒட்டியிருக்கிறோம். யார் எங்கே போனார்கள் என்பது அதில் இருக்காது, பெட்டி எண் மட்டும்தான். பெட்டி யார் வீட்டிலாவது இன்னும் இருந்தால் சொசைட்டியில் கொடுத்துவிடுங்கள், உறையை நீங்களே வைத்துக்கொள்ளலாம்.