ஆஸ்பத்திரி பில்லும் அடகுக்கு வரும் நகையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "வசதி உள்ளவர்கள் தனியாருக்குப் போகட்டும், அரசு மருத்துவமனை ஏழைகளுக்கென்று இருக்கட்டும், ஏழைகளுக்குத்தான் காப்பீட்டு அட்டை இருக்கிறதே" என்று ஒரு வாசகர் எழுதிய கடிதம் தங்கள் இதழில் வந்திருந்தது. நல்ல மனதோடு எழுதியிருக்கிறார். ஆனால் அட்டை இருந்தும் கழுத்தில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தவர்களை வேலைக் காலம் முழுவதும் பார்த்தவள் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

குமரி மாவட்டத்தில் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் நகைக்கடன் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றிருக்கிறேன். படிவத்தில் என்ன காரணம் எழுதினாலும், நகையை மேசையில் வைக்கும்போது உண்மையான காரணத்தைச் சொல்லாமல் இருக்க யாராலும் முடியாது. கல்யாணம், பிள்ளையின் காலேஜ் ஃபீஸ், வீட்டு மராமத்து என்றால் முன்கூட்டியே வந்து வட்டி எவ்வளவு, எத்தனை மாதத்தில் திருப்ப வேண்டும் என்று விசாரித்துவிட்டுப் போவார்கள். ஆஸ்பத்திரிக்காக வருகிறவர்கள் எதையும் விசாரிப்பதில்லை. ஷட்டர் தூக்கும்போதே வாசலில் நிற்பார்கள். எவ்வளவு கிடைக்கும், எத்தனை மணிக்குக் கிடைக்கும், இவ்வளவுதான் கேட்பார்கள்.

கடற்கரை ஊரிலிருந்து வந்த ஒரு பெண்ணை எனக்கு இன்றும் மறக்கவில்லை. வீட்டுக்காரர் கடலிலேயே பல நாள் தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போயிருந்தார், கரை திரும்ப இன்னும் பல நாட்கள் ஆகும். மாமனாருக்கு வயிற்றில் ஆப்பரேஷன். செயினை எடையில் வைப்பதற்கு முன் அதில் கோர்த்திருந்த சிறிய குருசைக் கழற்றி, கையோடு கொண்டு வந்திருந்த கறுப்புக் கயிற்றில் கோர்த்துக் கழுத்தில் கட்டிக்கொண்டாள். மதிப்பீட்டாளர் செயினை உரைகல்லில் தேய்க்கும்போது அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

"கார்டு இல்லையா மக்ளே?" என்று கேட்டேன்.

"கார்டு உண்டு அக்கா. அந்த ஆஸ்பத்திரியில கார்டு எடுக்க மாட்டாங்களாம்."

"கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போகலியா?"

"போனோம். ஸ்கேனுக்கு ஒரு தேதி எழுதித் தந்தாங்க. அதுவரை அவருக்கு வலி பொறுக்காதில்லா?"

அந்தத் தேதிக்கும் வலிக்கும் நடுவில்தான் நம் மாவட்டத்தில் தங்கம் கைமாறுகிறது. டாக்டர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஸ்கேன் எடுக்க மிஷின் ஒன்று, ஆள் ஒருவர், வரிசையில் நூறு பேர் என்றால் தேதி தள்ளித்தான் போகும். அவ்வளவு தூரம் பொறுக்க முடியாதவர் பணம் கட்டும் கவுன்டரைத் தேடித்தான் போவார்.

காப்பீட்டு அட்டையைப் பற்றிச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 2009-இல் தொடங்கிய உயிர்காக்கும் காப்பீடு, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமாக மாறியது. ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் இருந்தால் அட்டை உண்டு. மத்திய அரசின் ஆயுஷ்மான் திட்டத்தோடு இணைந்த பிறகு ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை என்றானது. இதனால் பிழைத்த உயிர்கள் நிறைய, அதை நான் மறுக்க மாட்டேன். இதய அறுவை சிகிச்சையை நினைத்தும் பார்க்க முடியாத குடும்பங்களுக்கு அது கிடைத்திருக்கிறது.

ஆனால் அந்த அட்டை பெரும்பாலும் கட்டிலில் படுத்தால்தான் பேசும். பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு, பட்டியலில் உள்ள மருத்துவமனையில், அனுமதி வந்த பிறகு. அதற்கு முன்னால் தனியாரில் நாலு டாக்டரைப் பார்த்த செலவையும், வீட்டுக்கு வந்தபின் மாதாமாதம் வாங்கும் மாத்திரையையும், துணைக்கு நிற்பவரின் போன கூலியையும், ஆட்டோ காசையும் யார் தருவது? குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவருக்கு மழைக்காலத்தில் பல நாள் வேலையே இருக்காது. அவர் வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடந்தால் வெட்டு நின்று போகும், கடன் தொடங்கும். ரூ.5 லட்சம் என்ற எண்ணை அவரிடம் சொல்லி என்ன பயன்?

அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், வேலை செய்யும் பெண்களில் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு உள்ளவர்களுக்கு இந்தக் கஷ்டம் கொஞ்சம் குறைவு. சம்பளத்தில் 0.75 சதவீதம் அவர்கள் கட்டுகிறார்கள், 3.25 சதவீதம் முதலாளி கட்டுகிறார். படுத்தாலும் படுக்காவிட்டாலும் மருந்து உண்டு, வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குப் பணமும் உண்டு. அங்கும் குறைகள் இருக்கின்றன. என்றாலும் மாத்திரை வாங்குவதற்காக நகை வைக்க வந்த இ.எஸ்.ஐ. தொழிலாளி யாரையும் நான் பார்த்ததாக நினைவில்லை.

மத்திய அரசு வெளியிடும் தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி, நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தங்கள் கையிலிருந்து நேரடியாகக் கொடுத்த பங்கு 2013-14-இல் 64.2 சதவீதம், 2021-22-இல் 39.4 சதவீதம். குறைந்திருப்பது மகிழ்ச்சிதான். ஆனாலும் நூறு ரூபாயில் கிட்டத்தட்ட நாற்பது ரூபாய் அந்த ஆண்டிலும் நோயாளியின் மடியிலிருந்துதான் போனது. 2025-க்குள் அரசின் சுகாதாரச் செலவை நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதமாக்குவோம் என்று 2017 தேசிய சுகாதாரக் கொள்கை சொன்னது. 2021-22-இல் அது 1.84 சதவீதம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2021-இல் கூட்டுறவுச் சங்கங்களில் 5 பவுனுக்கு உட்பட்ட நகைக்கடன்களை, சில நிபந்தனைகளோடு, தமிழக அரசு தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. நகை திரும்பி வந்தபோது அழுதவர்களை நான் அறிவேன். அவர்களில் பலர் எதற்காகக் கடன் வாங்கினார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பில்லுக்காக வைத்த செயினை அரசுப் பணம் மீட்டுக் கொடுத்தது என்றால், அந்த பில்லைக் கடைசியில் கட்டியது அரசுதானே? காப்பீட்டு பிரீமியமும் அரசு கட்டுகிறது. ஆக, வரிப்பணம் எப்படியும் போகிறது. வலியில் துடிக்கும்போது ஸ்கேன் மிஷினாகவும் மயக்க மருந்து டாக்டராகவும் கிடைக்க வேண்டிய அதே பணம், எல்லாம் முடிந்து, வட்டி ஏறி, ஏல நோட்டீஸ் வந்த பிறகு சுற்றிக்கொண்டு வந்து சேர்கிறது. இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அரசால் முடியாது என்று சொல்பவர்களுக்கு நம் மாவட்டமே பதில். காசநோய் ஆஸ்பத்திரியாக இருந்த ஆசாரிப்பள்ளம் வளாகத்தில் 2001-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அதற்கு முன் பெரிய சிகிச்சை என்றாலே வசதியில்லாதவர்கள் திருவனந்தபுரத்துக்கோ பாளையங்கோட்டைக்கோ வண்டி ஏற வேண்டும். 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைந்து, மாநிலம் முழுவதற்கும் மருந்தை மொத்தமாகக் கொள்முதல் செய்யத் தொடங்கியதால்தான் இன்று கிராம ஆரம்ப சுகாதார நிலையத்திலும் காசில்லாமல் மாத்திரை கிடைக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த இன்னுயிர் காப்போம் திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அட்டையும் கேட்பதில்லை, வருமானமும் கேட்பதில்லை. களியக்காவிளையிலிருந்து கன்னியாகுமரி வரை நம் சாலையில் நடக்கும் விபத்துகளைப் பார்க்கிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

தனியார் என்றாலே கொள்ளை என்று எழுதவும் எனக்கு மனம் வராது. 1838-இல் மருத்துவப் பணி தொடங்கிய நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி இருக்கும் மாவட்டம் இது. 1922-இல் எவரெஸ்ட் ஏறப் போன டாக்டர் சோமர்வெல், அதன் பிறகு நெய்யூரைப் பார்க்க வந்து, நோயாளிகளின் கூட்டத்தையும் டாக்டர்களின் பற்றாக்குறையையும் பார்த்து இங்கேயே பணிக்கு வந்துவிட்டார். ஆனால் அந்த நாள் மிஷன் ஆஸ்பத்திரிகளின் கணக்கு வேறு, கடன் வாங்கிக் கட்டிடம் எழுப்பும் இன்றைய ஆஸ்பத்திரிகளின் கணக்கு வேறு. பின்னதற்கு பில்தான் வருமானம்.

அந்த பில்லையும் அரசு நினைத்தால் கட்டுப்படுத்தலாம். 2017 பிப்ரவரியில் இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய்க்கு மத்திய அரசு விலை உச்சவரம்பு வைத்தது. லட்ச ரூபாய்க்கு மேல் போட்டுக்கொண்டிருந்த மருந்து பூசிய ஸ்டென்ட் ரூ.29,600-க்கு இறங்கியது. ஸ்டென்டுக்கு முடிந்தது அறை வாடகைக்கும் லேப் பரிசோதனைக்கும் ஏன் முடியாது? மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்த நம் மாநிலத்தில் 1997-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. உள்ளே சேர்ப்பதற்கு முன், உத்தேசச் செலவு எவ்வளவு, காப்பீட்டு அட்டை இந்தச் சிகிச்சைக்கு இங்கே செல்லுமா செல்லாதா என்று தமிழில் எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும் என்று கட்டாயமாக்கினால் பாதிப் பேர் என் மாதிரி ஒருவர் முன்னால் வந்து நிற்க மாட்டார்கள்.

அந்த வாசகர் சொன்னதில் எனக்கு முக்கியமான மறுப்பு ஒன்று உண்டு. வசதி உள்ளவர்கள் எல்லாரும் போய்விட்டால் அரசு ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓடவில்லை என்று சத்தம் போட யார் இருப்பார்கள்? ஆசிரியர், வக்கீல், தாலுகா ஆபீஸ் அலுவலர், கவுன்சிலர் வீட்டுப் பிள்ளைகள் பிறக்கும் பிரசவ வார்டில் தண்ணீர் வராமல் ஒரு நாள்கூட இருக்காது. அரசு ஊழியர்களுக்குச் சம்பளத்தில் பிடித்து, தனி மருத்துவக் காப்பீடு கொடுத்து, தனியாருக்கு வழிகாட்டியிருக்கிறது அரசு. வசதி உள்ளவரும் இல்லாதவரும் ஒரே ஓ.பி. வரிசையில் நிற்பதால் ஏழைக்கு இடம் குறையும் என்கிறார் அவர். இடத்தைக் கூட்டச் சொல்லிக் கேட்கும் தெம்பு வசதி உள்ளவரிடம்தானே இருக்கிறது?

அட்டை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அரசு மருத்துவமனையிலும் காப்பீட்டு அட்டையைக் கொடுத்துப் பதிவு செய்யுங்கள். "கவர்மென்ட் ஆஸ்பத்திரிதானே, கார்டு எதுக்கு" என்று வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறவர்கள் பலர். அங்கே பதிவானால் அந்தச் சிகிச்சைக்கான காப்பீட்டுத் தொகை அந்த ஆஸ்பத்திரிக்கே வரும். கருவி வாங்க, வார்டைச் சரிசெய்ய உதவும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். ஆசாரிப்பள்ளம் ஒன்றையே எல்லாரும் நெருக்காமல் இருக்க வேண்டுமானால் தக்கலை, குழித்துறை, குளச்சல், பூதப்பாண்டி அரசு மருத்துவமனைகள் இரவிலும் இயங்க வேண்டும். இவற்றில் எதில் இரவு சிசேரியன் செய்ய மயக்க மருந்து டாக்டர் இருக்கிறார், எதில் ஸ்கேன் எத்தனை மணி வரை எடுக்கிறார்கள், எத்தனை டாக்டர் பணியிடம் காலியாக இருக்கிறது என்று தங்கள் நிருபர்களை அனுப்பி விசாரித்து, மாதம் ஒருமுறை அட்டவணையாக வெளியிடுங்கள். மின்தடை அறிவிப்பு போடும் பக்கத்திலேயே போடலாம். அதிகாரிகளும் சட்டமன்ற உறுப்பினர்களும் பதில் சொல்லட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்க ஊழியர்,
திங்கள்நகர்.