பிணக் கணக்கு அல்ல, பழைய கடன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் தொடர் படங்களைப் பற்றி வந்த கட்டுரையில் ஒரு வரி: ‘கூலிக் கொலையாளி கதைக்கு இரண்டாம் பாகம் எடுப்பது சுலபம், செலவை இரட்டிப்பாக்கி, பிணங்களை மும்மடங்காக்கினால் போதும்.’ அதற்குச் சான்றாக ‘ஜான் விக்’ இரண்டாம் பாகத்தையே காட்டியிருக்கிறார் கட்டுரையாளர். மூன்று நாளாக இந்த வரி முள்ளாய்க் குத்துகிறது. சண்டைக் காட்சிகளை வெட்டி ஒட்டுவதே பிழைப்பாகக் கொண்டவன் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதியே ஆக வேண்டியிருக்கிறது.

2014இல் வந்த முதல் பாகம் உலகம் முழுக்க 8 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. 2017இல் வந்த இரண்டாம் பாகம் 17 கோடியைத் தாண்டியது. கட்டுரையாளர் இந்தக் கணக்கைப் பார்த்ததோடு நின்றுவிட்டார். கதை எங்கே தொடங்குகிறது என்று பார்த்திருக்க வேண்டாமா? முதல் பாகத்தில், ஜான் விக் தொழிலைவிட்டு விலக, யாராலும் முடியாத ஒரு வேலையை முடித்தான் என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். அந்த வேலைக்கு ஒருவன் உதவினான், அதற்கு ஈடாக ஜான் தன் ரத்தக் கைரேகை பதித்த பதக்கத்தைக் கொடுத்திருந்தான் என்பதிலிருந்துதான் இரண்டாம் பாகம் புறப்படுகிறது. கடன் கொடுத்தவன் வாசலில் வந்து நிற்கிறான். மறுத்தால் வீடு எரிகிறது. இறந்துபோன மனைவியின் படங்களும் அதோடு போகின்றன. முதல் பாகத்தில் மனைவி விட்டுச்சென்ற நாய்க்குட்டியைக் கொன்றதுதான் அவனைக் கிளப்பியது; இங்கே மறுபடியும் ஒரு நாயைக் கொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அதே காயத்தை இரண்டாம் முறை கீறினால் வலிக்காது என்று எழுத்தாளர் டெரெக் கோல்ஸ்டாடுக்குத் தெரிந்திருக்கிறது.

நினைவிழந்த உளவுத்துறைக் கொலையாளியின் கதையான ‘போர்ன்’ வரிசையில் 2004இல் வந்த இரண்டாம் பாகமும் இதே வழியில்தான் போகிறது. கோவாவில் காதலி மேரி கொல்லப்பட்டாலும் படம் வெறும் பழிவாங்கலாகச் சுருங்கவில்லை. போர்ன் தேடிப் போவது, நினைவு அழிவதற்கு முன் பெர்லினில் அவன் செய்த முதல் கொலையை. முடிவில் கொல்லப்பட்டவர்களின் மகள் முன்னால் போய் உட்கார்ந்து உண்மையைச் சொல்கிறான். முதல் பாகத்துக்கும் முந்தைய கடனை இரண்டாம் பாகத்தில் தீர்க்க வேண்டிவருவதுதான் இரண்டு படங்களுக்கும் உயிர். வில்லனின் தம்பி, தம்பியின் மாமன் என்று ஆளை மாற்றி மாற்றி இறக்கும் தொடர் படங்கள் இதைச் செய்யாததால்தான் படுக்கின்றன.

அடுத்தது விதி. கொலையாளிகள் தங்கும் கான்டினென்டல் விடுதிக்குள் யாரும் கொலைத் தொழில் செய்யக் கூடாது என்பது முதல் பாகத்திலேயே வந்துவிடுகிறது. மீறிய பெண்ணுக்கு என்ன கதி என்றும் காட்டிவிட்டார்கள். அதனால்தான் இரண்டாம் பாகத்தின் கடைசியில் ஜான் அதே விடுதிக்குள் துப்பாக்கியை உயர்த்தும்போது நமக்கு மூச்சு நிற்கிறது. ஒரே ஒரு தோட்டா. நீங்கள் சொல்லும் பிணக் கணக்கில் ஒரே ஒரு பிணம். படத்தின் கனம் முழுக்க அதில்தான் இருக்கிறது. பென்சிலும் அப்படித்தான். மதுக்கடையில் மூன்று பேரைப் பென்சிலால் கொன்றான் என்பது முதல் பாகத்தில் வாய்ச்சொல்; இரண்டாவதில் கண் முன்னால் நடக்கிறது. தலைக்கு 70 லட்சம் டாலர் விலை விழுந்த பிறகு அவன் கைக்கு வரும் துப்பாக்கியில் ஏழே தோட்டாக்கள். நாமும் கூடவே எண்ணத் தொடங்கிவிடுகிறோம்.

கைவேலையைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை. ரோம் நிலவறைச் சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்பே ஆயுதம் தேர்வதையும், வரைபடம் பார்ப்பதையும், கோட்டுக்குள் குண்டு துளைக்காத துணி வைத்துத் தைப்பதையும் வரிசையாகக் காட்டிவிடுகிறார்கள். குண்டு துளைக்காது, ஆனால் வலிக்கும் என்று தையற்காரர் அங்கேயே சொல்லிவிடுகிறார். பிறகு கோட்டை இழுத்து மறைத்தபடி அவன் ஓடும்போது யாரும் சிரிப்பதில்லை. தோட்டா தீர்ந்தால் தீர்ந்ததுதான். திரும்ப நிரப்புவதும் சண்டையின் பகுதியாகவே வருகிறது.

இதற்கெல்லாம் நடிகர் மாதக்கணக்கில் பயிற்சி எடுக்க வேண்டும். ஜூடோவும் ஜியு-ஜிட்சுவும் நிஜத் தோட்டாப் பயிற்சியும் கியானு ரீவ்ஸ் உடம்பில் ஏறியிருப்பதால்தான் கேமரா தள்ளி நிற்க முடிகிறது. தலையிலிருந்து கால் வரை ஒரே ஷாட்டில் தெரிகிறது. பயிற்சி இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை எடிட்டிங் அறையில் தினமும் பார்க்கலாம். முகம் தெரியாத முதுகுப் பக்கக் கோணம், நொடிக்கொரு கட், அடி விழும் இடத்தில் ஒரு கேமரா உலுக்கல். அடி விழும் ஷாட்டிலிருந்து அடுத்த ஷாட்டுக்குப் போகும்போது இரண்டு மூன்று ஃபிரேம் பின்னால் போய், விழுந்த அடியையே மறுபடி தொட்டுக்காட்டினால்தான் கண்ணுக்கு எட்டும். ஃபிரேமே உருப்படியாக இல்லாதபோது எதைத் தொட்டுக்காட்டுவது? இயக்குநர் பால் கிரீன்கிராஸ் அந்தப் போர்ன் படத்தில் கேமராவை நடுங்கவிட்டார் என்று உங்கள் பக்கங்களில் பாராட்டாத ஆண்டு இல்லை. மியூனிக் வீட்டில் சுருட்டிய பத்திரிகையால் கத்தியைத் தடுக்கும் சண்டையில், எவ்வளவு நடுங்கினாலும் யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பது குழம்புவதில்லை. அதை விட்டுவிட்டு நடுக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்ட படங்களுக்கும் ‘விறுவிறுப்பு’ என்று மதிப்பெண் போட்டது நீங்கள்தான்.

சாட் ஸ்டாஹெல்ஸ்கி 1999இல் ‘மேட்ரிக்ஸ்’ படத்தில் ரீவ்ஸுக்கு டூப் போட்டவர். அடி வாங்கிய உடம்பு இயக்குநர் நாற்காலிக்கு வந்ததால்தான் இந்தப் படம் இப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுத இடமில்லையா? சண்டைக் கலைஞர்களுக்கு ஆஸ்கார் 2028 விழாவிலிருந்துதான் வரப்போகிறது. நம் நாட்டிலோ 2017லேயே தேசிய விருது வந்து, பீட்டர் ஹெய்ன் பெற்றுவிட்டார். அந்த ஆண்டு உங்கள் விருதுப் பட்டியலில் பாடலாசிரியர் வரை இருந்தார்கள். ஹெய்ன் பெயரைக் காணவில்லை. அப்போது எழுதிய கடிதத்துக்கும் பதில் இல்லை.

நான் கேட்பது இரண்டுதான். இரண்டாம் பாகத்துக்கு இரட்டை இயக்குநர்கள் என்று கட்டுரையில் வந்திருக்கிறது. டேவிட் லீட்ச் உடனிருந்தது முதல் பாகத்தில் மட்டுமே. இரண்டாவதை இயக்கியவர் ஸ்டாஹெல்ஸ்கி ஒருவர்தான். திருத்தம் வெளியிடுங்கள். அடுத்த இதழிலிருந்து விமர்சனத்தின் கீழே வரும் பெயர்ப் பெட்டியில், இசைக்கு அடுத்தபடியாக, ‘சண்டைப் பயிற்சி’, ‘படத்தொகுப்பு’ என்று இரண்டு வரி சேருங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
வடபழனி, சென்னை – 26