தடைக்காலம் முடியும் நாளில் ஏலக்கூடத்துக்கு ஓர் அளவுகோல் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஜூலை 31 நள்ளிரவோடு முடிகிறது என்பதையும், விசைப்படகுகளில் ஐஸும் டீசலும் ஏற்றும் வேலை மும்முரமாக நடக்கிறது என்பதையும் படத்துடன் வெளியிட்டிருந்தீர்கள். மீன்வரத்து கூடும், விலை இறங்கும் என்று அந்தச் செய்தி முடிந்திருந்தது. முதல் சில நாள்கள் அப்படித்தான் இருக்கும். அதன் பிறகு ஏலக்கூடத்தில் கொட்டப்படும் மீன் என்ன அளவில் இருக்கிறது என்பதை யாரும் எழுதுவதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் பள்ளி ஆசிரியர். முட்டத்துக்கும் குளச்சலுக்கும் இடையே உள்ள ஒரு கடற்கரைக் கிராமத்தில் பிறந்து, இன்றும் அங்கேயே குடியிருக்கிறேன். என் அப்பா கட்டுமரத்தில் தூண்டில் தொழில் செய்தவர். என் பிழைப்பு வேறாகிவிட்டாலும் கடல் என்னை விடவில்லை. விடுமுறை நாள்களில் ஒரு பிளாஸ்டிக் கயாக் படகில் துடுப்புப் போட்டுப் போய்த் தூண்டில் போடுகிறேன். எஞ்சின் கிடையாது. உட்கார்ந்தபடியே தண்ணீரைத் தொடலாம். கடலில் என்ன குறைகிறது என்பது இந்த உயரத்திலிருந்து நன்றாகவே தெரிகிறது.

எங்கள் கரையில் கயாக் இறக்க எல்லா மாதமும் தோதுப்படாது. தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் கரையலையைத் தாண்டவே முடியாது. புரட்டாசிக்கு மேல் கடல் தணியும். ஆனால் அப்போது வேறொரு ஆபத்து வருகிறது. வாடைக்காற்று எங்கள் பக்கத்தில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். போகும்போது படகு தானாகவே ஓடும். திரும்பும்போதுதான் கை கழன்றுவிடும். சித்திரை, வைகாசியில் காற்றே இல்லாத பகலில்கூடக் கள்ளக்கடல் வரும். தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் அடித்த புயற்காற்று எழுப்பிய பேரலை அது. ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையம் முன்கூட்டியே எச்சரிக்கை தருகிறது. சிறுபடகில் போகிற ஒவ்வொருவரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் படகைத் தள்ள வேண்டும்.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கரையோரத்தில் மீன் இருந்தால் சிறுபடகுக்காரர் காற்றுக்குள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. அப்பாவின் காலத்தில் அப்படித்தான் இருந்தது. கடலுக்கடியில் உள்ள பாறைத் திட்டைப் பார் என்போம். முட்டம் கலங்கரை விளக்கம், கோயில் கோபுரம், வேளிமலையின் ஓர் உச்சி என்று கரையில் உள்ள அடையாளங்களை ஒன்றோடொன்று நேர்கோட்டில் சேர்த்துப் பார்த்து, பார் இருக்கும் இடத்தைத் தப்பாமல் பிடிப்பார்கள். அதற்குக் கணியம் என்று பெயர். ஒரு பாரின் கணியத்தை அப்பா மகனுக்குத்தான் சொல்லிக்கொடுப்பார். எனக்குச் சொல்லிக்கொடுத்த கணியங்களில் கரைக்கு மிக அருகே உள்ள பாரில் அவர் கலவாய், விளமீன் என்ற பாறை மீன்களைப் பிடித்து, வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பிவிடுவார். அதே இடத்தில் இப்போது தூண்டில் இறக்கினால் இரையைக் கொத்திக் கொத்தித் தின்றுவிட்டுப் போகும் பொடி மீன்கள்தான் இருக்கின்றன. எப்போதாவது ஒரு கலவாய் ஏறினால் அது என் உள்ளங்கை அளவுகூட இருப்பதில்லை. கலவாய் மெதுவாக வளரும் மீன். பெண்ணாகவே பருவமடைந்து, வளர்ந்த பிறகுதான் அவற்றில் சில ஆணாக மாறும். பெரிய மீன்களை எல்லாம் எடுத்துவிட்டால் அந்தப் பாரில் ஆண் மீன் இல்லாமல் போய்விடும்.

அதனால் கட்டுமரத்திலும் வள்ளத்திலும் போகிறவர்கள் அடுத்த பார், அதற்கடுத்த பார் என்று வெளியே போய்க்கொண்டிருக்கிறார்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது ஆழ்கடல் விசைப்படகுகளில் போனவர்கள் மட்டுமல்ல, சிறுபடகுகளில் போனவர்களும் திரும்பவில்லை. மீன் குறைவதை வருமானக் கணக்காக மட்டும் பேசுகிறோம். எங்கள் ஊரில் அது உயிர்க் கணக்கும்தான்.

காரணம் ஒன்றே ஒன்று என்று சொல்ல மாட்டேன். கடல் சூடாகிறது, நீரோட்டமும் மழையும் மாறுகின்றன. சாளை மீனே (மத்தி) அதற்குச் சான்று. கேரளத்தில் 2012-ல் ஏறத்தாழ 4 லட்சம் டன் பிடிபட்ட சாளை, 2021-ல் 3,297 டன்னாகச் சரிந்தது. இது கொச்சியில் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கு. கடலின் போக்கு மாறியதும் அதற்கு ஒரு காரணம்தான். ஆனால் கடலின் போக்கை மீன்துறை அதிகாரி மாற்ற முடியாது. குஞ்சு மீனை வாரி எடுப்பதை அவரால் நிறுத்த முடியும்.

ஏலக்கூடத்தில் ஒரு மூலையில் சங்காயம் என்று ஒதுக்கப்படும் குவியலை வாசகர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். மீன்தூள் ஆலைக்கும் கோழித் தீவனத்துக்கும் போகிற குவியல் அது. ஒருநாள் அதிலிருந்து ஒரு கூடையை வாங்கிச் சிமெண்டுத் தரையில் கொட்டி, வகுப்பில் பயன்படுத்தும் அளவுகோலை வைத்து அளந்தேன். என் சுண்டுவிரல் நீளத்துக்கு அயலைக் (கானாங்கெளுத்தி) குஞ்சுகள். கண் மட்டும் பெரிதாகத் தெரியும் கணவாய்க் குஞ்சுகள், கையில் எடுத்தால் வழுக்கி விழுந்தன. உடலில் வரி இன்னும் தெளிவாகப் பிடிக்காத கலவாய்க் குஞ்சுகளும் இருந்தன. பக்கத்தில் நின்ற ஒரு வியாபாரி, "சாரே, இதுக்குக் கிலோவுக்கு என்ன கிடைக்கும் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு அவரே விலையைச் சொன்னார். அந்தக் காசுக்கு ஒரு டீ குடித்து ஒரு வடை தின்னலாம், அவ்வளவுதான். ஓராண்டு கடலில் விட்டிருந்தால் அதே அயலையை எடைக்கு எடை பல மடங்கு விலைக்கு விற்றிருக்கலாம். அதற்குள் அது ஒருமுறையாவது முட்டையிட்டிருக்கும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1983-ம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. கரையிலிருந்து 5 கடல் மைல் வரை விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது. இழுவலையின் மடிக்கண், அதாவது மீன் சேரும் வால்பகுதியின் கண்ணி, 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. இரண்டு படகுகள் சேர்ந்து ஒரே வலையை இழுக்கும் இரட்டைமடிக்குத் தடை இருக்கிறது. ஆனால் இரவில் எங்கள் ஊர் மணலில் நின்று பார்த்தால், 5 கடல் மைலுக்குள் எத்தனை விளக்குகள் நகர்கின்றன என்று பள்ளிப் பிள்ளைகளே எண்ணிச் சொல்வார்கள். கடலில் ஒவ்வொரு படகையும் துரத்திப் பிடிப்பது கடினம் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் கரையில் பிடிக்கச் சொல்கிறேன். எந்தக் கண் வலையில் பிடித்தாலும், எங்கே பிடித்தாலும், மீன் ஏலக்கூடத்துக்கு வந்துதான் தீர வேண்டும்.

கேரளம் இதைச் செய்திருக்கிறது. பிடிக்கத்தக்க குறைந்தபட்ச அளவு என்று 2015-ல் 14 இனங்களுக்கும், 2017-ல் மொத்தம் 58 இனங்களுக்கும் அளவு நிர்ணயித்தார்கள். சாளைக்கு 10 சென்டிமீட்டர், அயலைக்கு 14 சென்டிமீட்டர். அதற்குக் குறைந்த மீனை ஏற்றி வரும் படகுக்கு அபராதம் விதிக்கிறார்கள். நீரோடியில் எங்கள் மாவட்டம் முடிந்து அந்த மாநிலம் தொடங்குகிறது. அங்கே இறக்கக் கூடாத மீனை இங்கே இறக்கினால் கேட்பதற்கு ஆள் இல்லை. எங்கள் கரையில் யாரும் அளவு பார்த்து ஒரு கூடையைக்கூட நிறுத்தி நான் கண்டதில்லை.

ஏழைகள் வாங்கித் தின்பது பொடி மீனைத்தானே என்று கேட்பவர்கள் உண்டு. நெத்திலி சிறிய மீன்தான், ஆனால் அது வளர்ந்த மீன். யாரும் அதைத் தடுக்கச் சொல்லவில்லை. அயலைக் குஞ்சு அப்படியல்ல. அது ஏழையின் சட்டிக்கும் போவதில்லை, ஆலைக்குத்தான் போகிறது. விசைப்படகில் பங்குக்குப் போகிறவர்களும் எங்கள் சொந்தக்காரர்கள்தான். டீசல் விலையும் கடனும் அவர்களை எப்படி நெருக்குகின்றன என்பதை அறிவேன். சங்காயத்தை வாங்க ஆள் இருக்கும்வரை அவர்களால் அதை விட முடியாது. ஆகவே அபராதம் படகோடு நிற்கக் கூடாது. குறைந்த அளவு மீனைக் கொள்முதல் செய்யும் ஆலைக்கும் அதே அபராதம் வேண்டும்.

என்னைப்போலப் பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுகிறவர்களையும் இதில் சேர்க்க வேண்டும். கயாக்கிலும் வாடகைப் படகிலும் வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கூடிக்கொண்டே இருக்கிறார்கள். பெரிய கலவாயோடு படம் எடுத்துக்கொள்வதில் அவர்களுக்கு ஆசை அதிகம். ஒரு நாளைக்கு ஒருவர் இத்தனை மீன்தான் எடுக்கலாம், இந்த அளவுக்குக் கீழே இருந்தால் கடலிலேயே விட வேண்டும் என்று விதி இருந்தால் அதற்குக் கட்டுப்பட நான் தயார். கடலை நம்பி அடுப்பெரிப்பவர்களுக்கு மட்டும் விதி, எங்களுக்கு இல்லை என்றால் அது நியாயமாகாது.

1980-களில் இந்தக் கரையிலும் திருவனந்தபுரம் கரையிலும் மீனவர்களே தங்கள் கைக்காசில் கல்லையும் தென்னை ஓலையையும் கடலில் இறக்கிச் செயற்கைப் பார் அமைத்தார்கள். அப்பாவும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். அரசு சொல்லி அவர்கள் செய்யவில்லை. அந்த மக்களிடம் மீன் அளவைக் காக்கச் சொன்னால் முகம் சுளிக்க மாட்டார்கள்.

எனவே மீன்வளத்துறைக்கு உங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். ஆகஸ்ட் மாதத்திலேயே குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் ஏலக்கூடங்களில் இனவாரியாக அளவு குறித்த பலகையை வையுங்கள். அதன் அருகே அளவுகோலோடு ஓர் அலுவலரை நிறுத்துங்கள். முதல் மாதம் அபராதம் வேண்டாம். எந்தப் படகில் எவ்வளவு குஞ்சு மீன் வந்தது என்று எழுதி, அந்தக் கணக்கை ஏலக்கூடச் சுவரிலேயே ஒட்டுங்கள். எங்கள் பள்ளிப் பிள்ளைகள் அளந்து எழுத உதவுவார்கள். நானே அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பள்ளி ஆசிரியர்,
கன்னியாகுமரி மாவட்டம்.