முடக்குவாத மருந்தை நிறுத்தச் சொல்லாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கடந்த வார நலவாழ்வு இணைப்பில், மூட்டுகள் அழற்சியால் வீங்கி வலிக்கும் முடக்குவாத நோய் பற்றி வந்த கட்டுரையில், ‘வலி அடங்கியதும் மாத்திரையை விட்டுவிடலாம்’ என்று ஒரு வரி. எந்த மருத்துவரைக் கேட்டு அச்சிட்டீர்கள்? மருந்து அழற்சியை அடக்கி வைத்திருப்பதால்தான் வலி அடங்குகிறது. மருந்தை விட்டால் பெரும்பாலானவர்களுக்கு வீக்கம் திரும்பி வந்துவிடும்.

கட்டுரைக்கு முழங்காலைப் பிடித்தபடி நிற்கும் முதியவர் படம் வேறு. அது மூட்டுத் தேய்மானம். முடக்குவாதம் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம், முதலில் பிடிப்பது பெரும்பாலும் கைவிரல்களை. எனக்கு வந்தபோது மகளுக்குத் தலை பின்னிவிடக்கூட விரல் மடங்கவில்லை. பல மாதங்கள் வெறும் வலி மாத்திரைதான் கொடுத்தார்கள். அது வலியை மறைக்கும், எலும்பு அரிக்கப்படுவதைத் தடுக்காது. பிறகு மூட்டுவாத நிபுணர் ஒருவர் அழற்சியை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்தை எழுதித் தந்தார். உடனே பலன் தெரியவில்லை. இரண்டு மூன்று மாதங்கள் பொறுத்த பிறகே வீக்கம் வடிந்தது, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவும் இறங்கியது. குமட்டல் உண்டு, மறுக்கவில்லை. அதற்காகத்தான் ஃபோலிக் அமிலம் தருகிறார்கள், ஈரலை மருந்து பாதிக்கிறதா என்று பார்க்க அவ்வப்போது ரத்தப் பரிசோதனையும் செய்கிறார்கள். கர்ப்பிணிகள் இந்த மருந்தைத் தொடவே கூடாது என்பதைக் கட்டுரையில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

என் சித்தி மகள் இப்படி யாரோ சொன்னதைக் கேட்டு மருந்தை நிறுத்தினாள். கோணிப்போன அவள் விரல்களை இனி எந்த மாத்திரையும் நிமிர்த்தாது.

அதே இணைப்பின் கடைசிப் பக்கத்தில் ‘பக்கவிளைவே இல்லாத’ மூட்டுவலிப் பொடிக்கு விளம்பரம். இத்தகைய பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தது சோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. 1948இல் அமெரிக்காவில் டாக்டர் ஹென்ச் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தபோது, முடங்கிக் கிடந்த நோயாளி சில நாட்களில் எழுந்து நடந்தார். 1950இல் நோபல் பரிசும் கிடைத்தது. நீண்ட நாள் கொடுத்தால் வரும் கேடுகள் விரைவிலேயே தெரிந்தன. மருத்துவரே அளந்து, கூடியவரை குறைந்த காலத்துக்குத் தரும் மருந்தைப் பொடியில் மறைத்து விற்கிறார்கள். நீங்கள் அதற்கு அரைப்பக்கம் ஒதுக்குகிறீர்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் உங்கள் கேள்வி பதில் பகுதியில், வாரம் ஒருமுறை மட்டுமே சாப்பிட வேண்டிய மெத்தோட்ரெக்ஸேட்டைத் ‘தினமும்’ என்று அச்சிட்டீர்கள். தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிரே போகலாம். அப்போதும் எழுதினேன். பதிலும் இல்லை, திருத்தமும் இல்லை. ஆண்டுக்கணக்காகச் சந்தா கட்டி வாங்கும் வாசகியின் கடிதத்துக்கு அவ்வளவுதான் மதிப்பா?

அடுத்த இணைப்பில், அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் இரண்டு வரி போடுங்கள்: மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தக் கூடாது, மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒருமுறைதான்.

இப்படிக்கு,
வாசகி, கும்பகோணம்