இந்த ஊர் ஏட்டையாவின் துப்பாக்கி

கொலம்பஸ், ஒஹாயோ
தை மாதக் கடைசி

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்து மூன்று வாரம் ஆகிறது. கார்த்திகையில் எழுதியதற்கும் பதில் வரவில்லை என்று கடைசியில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தீர்கள். ஒரு பக்கம் திட்டி எழுதியிருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது. அம்மாவிடம் வாரா வாரம் போனில் பேசுகிறேனே, அவள் சொல்லிவிடுவாள் என்று நானாக ஒரு சமாதானம் செய்துகொண்டேன், அது தப்புதான்.

இங்கே நான் நன்றாக இருக்கிறேன். குளிர் இந்த வருஷம் கடுமை. போன வாரம் காலையில் கதவைத் திறந்தால் முழங்கால் உயரத்துக்குப் பனி. வீட்டுக்குள் ஹீட்டரைக் குறைத்துத்தான் வைத்திருக்கிறேன், ரொம்பச் சூடு வைத்தால் தோல் வறண்டு போகிறது. ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டால் ஒன்றும் தெரிவதில்லை. ஞாயிற்றுக்கிழமை சொதி வைத்தேன். தேங்காய்ப்பால் டின்னில் வருகிறது, முருங்கைக்காய் ஐஸ் கட்டியாக உறைந்து வருகிறது, இஞ்சிப் பச்சடிக்குப் புளி இல்லாமல் எலுமிச்சம்பழம் பிழிந்தேன். அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம், சிரிப்பாள்.

அந்தச் சொதியில் பாதியைச் சாப்பிட்டது எதிர்வீட்டு ஏட்டையா. போன ஆடியில் எழுதினேனே, விடிவதற்கு முன்னால் எழுந்து தெருவில் எல்லார் வாசல் பனியையும் தள்ளிவிட்டு, யாராவது நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வாரே, அவர்தான். ஏதோ ஒரு சின்ன ஊர் போலீஸில் 26 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர், அதனால் நானாக வைத்த பெயர் ஏட்டையா. அவருக்கு இது தெரியாது. சொதியை ரொட்டியில் தொட்டுச் சாப்பிட்டார், இதில் எந்த மிருகத்தின் பால் என்று கேட்டார்.

சாப்பிட்டுவிட்டு, செவ்வாய்க்கிழமை துப்பாக்கிக் கடைக்குப் போகிறேன், கூட வருகிறாயா என்றார். அவருடைய வண்டியிலேயே போனோம். (செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆபீஸ் இல்லையா என்று கேட்பீர்கள். லீவு நிறைய மிச்சம் இருந்தது, போட்டுவிட்டேன்.)

பெரியப்பாவின் ஒற்றைக்குழல் துப்பாக்கியை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளட்டுமா என்று எழுதியிருந்தீர்கள் இல்லையா, அதற்குப் பதில் சொல்லத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரே மாதிரி நாலைந்து பிஸ்டல் வரிசையாகக் கிடந்தன. சிக் சாவர் பி229. எல்லாம் போலீஸ்காரர்கள் இடுப்பில் இருந்தவை. நம் ஊரில் பழைய குக்கரைக் கொடுத்துப் புது குக்கர் வாங்குவோமே, அதே மாதிரி இங்கே போலீஸ் இலாகா பழைய பிஸ்டல்களைக் கழித்துக் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்குகிறது. பழையது ஃபாக்டரிக்குத் திரும்பிப் போகிறது, பிரித்துப் பார்த்து, தேய்ந்த ஸ்பிரிங்குகளை மாற்றி, சுட்டுப் பார்த்து மறுபடி விற்பனைக்கு அனுப்புகிறார்கள். இவை பாயின்ட் 40 குண்டு போடுகிற ரகம். அந்தக் குண்டு 1990-ல் வந்தது, ஒரு காலத்தில் இந்த நாட்டுப் போலீஸ் பாதிக்கு மேல் அதைத்தான் வைத்திருந்ததாம். பத்து வருஷத்துக்கு முன்னால் எஃப்பிஐ மறுபடி 9 எம்எம்முக்கே திரும்பிவிட்டது, அதைப் பார்த்து மற்றவர்களும் திரும்பினார்கள், அதனால் பாயின்ட் 40 சீந்துவார் இல்லாமல் கிடக்கிறது. விலை 500 டாலருக்குக் கொஞ்சம் மேல். ஏட்டையா விலையைப் பார்க்கவே இல்லை.

ஒவ்வொன்றாக எடுத்துக் கைப்பிடியைத்தான் பார்த்தார். இரண்டு மூன்றை வைத்துவிட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டார். உறையில் உராய்ந்து உராய்ந்து ஒரு பக்கம் கறுப்பு போய் உலோகம் வெளுத்திருந்தது, கைப்பிடியின் சொரசொரப்பு அம்மாவின் அரிவாள்மனைக் கட்டை மாதிரி வழவழப்பாகிவிட்டது. உள்ளே குழலைப் பார்த்தால் புதுசு. வருஷக்கணக்காகத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறான், சுட்டது ரொம்பக் குறைச்சல், நல்ல போலீஸ்காரன் என்றார். ராத்திரியில் குறி தெரிவதற்காக ட்ரிட்டியம் வைத்த மூன்று புள்ளிகள் உண்டு. அது 12 வருஷத்துக்கு ஒருமுறை பாதிப் பாதியாக மங்கும். கையைக் குவித்து இருட்டாக்கிக் காட்டினார், ஒன்றுதான் லேசாக மினுங்கியது. அவர் ஓய்வு பெற்ற அன்றைக்கு இதே ரகத்தைத்தான் மேஜை மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். அதேதான் வேண்டும் என்று பல வருஷம் தேடினாராம், கிடைக்கவில்லை. சரி, அதன் தம்பியாவது என்றார்.

நீங்கள் போலீஸ் வேலையின் கடைசி நாள் பெல் ஆஃப் ஆம்ஸில், அந்த ஆயுத அறையில், ரைஃபிளை ஒப்படைத்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ரைஃபிள் கட்டையில் போட்டிருந்த பட் நம்பர் இன்னும் நினைவிருக்கிறதா அப்பா? எனக்கு மறந்துவிட்டது, உங்களுக்கு மறந்திருக்காது.

வாங்குகிற முறையைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஒரு பாரம் நிரப்பினார், 4473 என்று பெயர். குற்றம் செய்திருக்கிறாயா, போதைப் பழக்கம் உண்டா, வேறு யாருக்காகவாவது வாங்குகிறாயா என்று வரிசையாகக் கேள்வி. கடைக்காரர் எஃப்பிஐயின் பதிவேட்டில் விசாரித்தார், நான் வாங்கிய காபி ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது. பெரியப்பா காட்டுப்பன்றிக்காக லைசென்ஸ் எடுக்க கலெக்டர் ஆபீஸுக்கும் தாலுகா ஆபீஸுக்கும் நடந்ததை நினைத்துக்கொண்டேன். இந்த வேகம் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் பெரியப்பா நடந்த நடையும் நியாயம் என்று சொல்ல மாட்டேன்.

பக்கத்திலேயே உள்ளரங்கில் சுடும் இடம். போன வருஷம் பச்சை அட்டை, அதாவது இங்கே நிரந்தரமாகத் தங்குகிற அனுமதி, வந்துவிட்டதால் நானும் சுட முடிந்தது. முந்தைய விசாவில் இருந்தபோது, வேட்டை லைசென்ஸ் மாதிரி ஒன்றிரண்டு விலக்கு இல்லாவிட்டால், இதைக் கையில் வாங்குவதே குற்றம். உள்ளே போவதற்கு முன் ஏட்டையா சொன்ன முதல் விதி: குண்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் குழலை ஆள் பக்கம் திருப்பாதே. ஒரு தீபாவளிக்கு, கேப்பு போடுகிற தகரத் துப்பாக்கியைத் தங்கச்சி முகத்துக்கு நேரே நீட்டினேன் என்று என்னை அடித்தீர்களே. விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவு அடியா என்று இத்தனை வருஷம் மனத்தில் ஒரு குறை இருந்தது. செவ்வாய்க்கிழமையோடு அது போனது.

இந்த பிஸ்டலில் முதல் குண்டுக்கு விசையை நீளமாக, நிறைகுடத்தை இறைக்கிற மாதிரி இழுக்க வேண்டும், நாலரைக் கிலோ கனம். அது சுட்டவுடன், குண்டைத் தட்டி வெடிக்க வைக்கிற சுத்தியல் தானாகப் பின்னால் போய் நின்றுகொள்ளும், இரண்டாவதுக்கு அதில் பாதிகூட வேண்டாம். எனக்கு அது தெரியாது. முதல் குண்டு அட்டையின் கீழ் ஓரத்தில் பட்டது, இரண்டாவது நான் நினைப்பதற்கு முன்பே வெடித்துவிட்டது. ஏட்டையா சிரித்தார். பன்னிரண்டில் ஏழு அட்டையில், மீதி எங்கே போனது என்று கேட்காதீர்கள்.

ஒரு எம்ப்டி, சுட்ட குண்டின் காலிக் கூடு, சுடச்சுடக் காலருக்குள் விழுந்தது. அதை எடுத்து என்னை அறியாமல் பைக்குள் போட்டேன், கீழே கிடந்ததையும் குனிந்து பொறுக்க ஆரம்பித்தேன். ஒரு பையன் வந்து பெரிய விளக்குமாறு வைத்து நூற்றுக்கணக்கில் தள்ளிக்கொண்டு போனான். ஃபயரிங்கில் ஒரே ஒரு எம்ப்டி குறைந்தது என்று பொழுது சாயும்வரை மண்ணைச் சலித்துவிட்டு, காக்கி முழுக்கச் செம்மண்ணோடு நீங்கள் வந்தீர்களே, அதைச் சொன்னேன். ஏட்டையா சிரிக்கவில்லை, அவர்களுக்கு நல்ல ஒழுங்கு என்றார். என் பைக்குள் இருந்ததை மேஜை மேல் வைத்திருக்கிறேன். ஊருக்குக் கொண்டு வர முடியாது, ஏர்போர்ட்டில் வழக்குப் போட்டுவிடுவார்கள்.

சுட்டு முடித்ததும் துடைத்தார். உங்கள் புல் த்ரூ மாதிரியேதான், நுனியில் துணி கட்டி இழுப்பது. அந்த எண்ணெயும் மருந்துப் புகையும் கலந்த வாடை வந்தது அப்பா. நீங்கள் டியூட்டி முடிந்து வந்து காக்கிச் சட்டையைக் கொடியில் போட்டதும் வீடு முழுக்க வருமே, அதே வாடை. நான் கழிவறைக்குப் போய்விட்டேன். குளிரில் மூக்கு ஒழுகுகிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

இன்னொன்றும் அங்கேதான் புரிந்தது. உள்ளே போகிற எல்லாருக்கும் காதை மூடுகிற கப்பு கொடுக்கிறார்கள், ஏட்டையா அதற்கு உள்ளே ரப்பர் அடைப்பும் வைத்துக்கொள்ளச் சொன்னார். ஒரு வெடிச்சத்தம் 150 டெசிபலுக்கு மேல் போகும், 140-ஐத் தாண்டினால் ஒரே சத்தத்தில்கூடக் காது கெடலாம். வலது தோளில் ரைஃபிள் வைத்துச் சுடுகிறவனுக்கு இடது காதுதான் முதலில் போகும், அது குழல் பக்கம் திரும்பியிருக்கும், வலது காது தோள் பக்கம் மறைந்துவிடும் என்று சொல்லித் தன் இடது காதைத் தட்டினார். நீங்கள் போனை எப்போதும் வலது காதில் வைப்பதும், அம்மா இடது பக்கம் நின்று பேசினால் பதில் வராததும், அவள் அதற்குச் சண்டை போடுவதும், கடிதம்தான் எழுதுவேன் என்று நீங்கள் பிடிவாதம் பிடிப்பதும் எல்லாம் ஒரே கணத்தில் வந்தது. உங்களுக்கெல்லாம் பஞ்சாவது கொடுத்தார்களா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

துப்பாக்கி வேண்டாம் அப்பா. முதலில் ஒரே வார்த்தையில் வேண்டாம் என்று எழுத இருந்தேன், ஏட்டையா கைப்பிடியைத் தடவியதைப் பார்த்த பிறகு உங்கள் ஆசை எனக்குத் தெரிகிறது. ஆனால் தங்கச்சி பங்குனியில் பிரசவத்துக்கு நம் வீட்டுக்கு வருகிறாள், பிள்ளை தவழ ஆரம்பிக்கும் வீட்டில் அது எதற்கு? கடையத்தில் பெரியம்மா தனியாக அதை வைத்துக்கொண்டு இருப்பதும் சரியில்லை, லைசென்ஸ்தாரர் போன பிறகு வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்பது நான் சொல்லித் தெரிய வேண்டியதா. சென்னை அண்ணனிடம் பேசிவிட்டேன், அவனுக்கும் வேண்டாமாம். நீங்களும் அவனும் சேர்ந்து போய் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிடுங்கள், லைசென்ஸ் புத்தகத்தையும் கொடுத்துவிட்டு ரசீதை வாங்காமல் வராதீர்கள்.

வாய்க்கால் பக்கத்து நிலத்துக்குச் சித்தப்பா கேட்ட பவர் பத்திரம் நியூயார்க்கில் இருக்கிற நம் துணைத் தூதரகம் வழியாகத்தான் போக வேண்டும், இந்த மாதம் அனுப்பிவிடுகிறேன். அங்கே வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முத்திரை போட வேண்டும், சித்தப்பா வழக்கம்போல பீரோவில் வைத்துவிடப் போகிறார். வளைகாப்புக்குச் சொன்ன பணத்தில் பாதி இப்போது வரும், மீதி பங்குனிக்குள். பேங்கில் ஏதோ தாமதம், வேறொன்றும் இல்லை. நான் வர முடியாது என்பதைத் தங்கச்சியிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள்.

காதைக் காட்ட ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், தள்ளிப் போடாதீர்கள். ஆடியோகிராம் என்று கோடு போட்ட ஒரு தாள் கொடுப்பார்கள், அதைத் தங்கச்சியை விட்டுப் படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், இடது காதுக்கான கோடு தனியாகத் தெரிகிற மாதிரி. காது மெஷினுக்கு எவ்வளவு ஆனாலும் அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மகன்

பட் நம்பரை அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். ஏட்டையா கேட்டார்.