மிலிட்டரி மாமாவுக்கு

அன்புள்ள மாமா,

கண் மங்கிவிட்டது என்று உங்கள் பேத்தி சொன்னாள். அதனால் இதை அவளே படித்துக் காட்டட்டும். காதோரம், கொஞ்சம் சத்தமாக.

1986 இருக்கும். நம் சேலம் கோரிமேட்டில் பேங்க் வாட்ச்மேன் வேலை முடிந்ததும் இரட்டைக்குழல் துப்பாக்கியை உள்ளே ஒப்படைத்துவிட்டுத் தட்டுவடை செட் கடைக்கு வருவீர்கள். காசு நீங்கள் கொடுப்பீர்கள் என்பதால் நாங்கள் நாலைந்து பையன்கள் சுற்றி நிற்போம். ஒருநாள், 1962 சீனப் போரில் லடாக்கின் ரெசாங் லா கணவாயில் நடந்த சண்டைக் கதையை எடுத்தீர்கள். மேஜர் பெயர் சைத்தான் சிங் என்றதுமே ஒருத்தன் "பேரே சைத்தானா?" என்று ஆரம்பித்துவிட்டான். கையில் ஊசியும் பேண்டேஜுமாகவே உறைந்து கிடந்த மருத்துவ உதவியாளரைப் பற்றி நீங்கள் சொன்னபோது, நான்தான் கேட்டேன்: "ஏன் மாமா, ஊசி போட்டுக்கிட்டே செத்தாரா, செத்த அப்புறம் ஊசி போட்டாரா?" கடைக்காரர்கூட சிரித்தார். பாதித் தட்டுவடையை அப்படியே வைத்துவிட்டு சைக்கிளை எடுத்தீர்கள். அதன்பிறகு பட்டாளத்துப் பேச்சே எங்களிடம் பேசவில்லை.

சமீபத்தில் லடாக்கில் இருக்கும் லே ஊருக்குப் போயிருந்தேன். அங்கே உயரம் 11,500 அடிதான். தங்கிய விடுதியில் ஒரு மாடி ஏறுவதற்குள் மூச்சு இரைத்தது. தலைவலி மண்டையைப் பிளந்தது. ரெசாங் லா பக்கமிருக்கும் சுஷூல் போகும் திட்டத்தை விட்டுவிட்டு இரண்டு நாள் ரஜாய்ப் போர்வைக்குள் கிடந்தேன். படுத்தபடியே போனில் ரெசாங் லா பற்றிப் படித்தேன். 16,000 அடிக்கு மேல்! நம் ஏற்காட்டை மூன்று அடுக்கு அடுக்கினாலும் அந்த உயரம் வராது. மார்கழியில் ஏற்காடு ஏரிக்கரையில் குல்லாய் மாட்டிக்கொண்டு நின்றே பல் கிட்டிப்போகிறது என்பவர்கள் நாம்.

நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் அதில் இருந்தது மாமா. 13-ஆவது குமாவோன் பட்டாலியனின் சார்லி கம்பெனி, ஏறக்குறைய 120 பேர், பெரும்பாலும் இன்றைய ஹரியானாவின் ரேவாரிப் பக்கத்து அஹீர் சமூகத்துக்காரர்கள். பனியையே பார்த்திராத ஊர்க்காரர்கள். குளிருக்குத் தக்க உடுப்பு கிடையாது, கையில் பழைய .303 துப்பாக்கி. சுஷூல் விமான தளத்துக்கு வரும் வழியைக் காக்கப் போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு மலைமுகடு மறைத்ததால் நம் பீரங்கிக் குண்டு அவர்களுக்கு உதவிக்கு வர வழியே இல்லை. போட்ட இடத்திலேயே பாதி விதி எழுதியாகிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. 1962 நவம்பர் 18, விடிவதற்கு முன்னால் சீனர்கள் ஏறி வந்தார்கள். முதலில் வந்தவர்களைச் சுட்டு விரட்டினார்கள். அப்புறம் பீரங்கி அடி, டெலிபோன் கம்பிகள் அறுந்தன, பின்பக்கமாகவும் ஆள் வந்தது. சைத்தான் சிங் ஒரு பிளாட்டூனிலிருந்து இன்னொன்றுக்கு ஓடி ஓடி ஆட்களைச் சரிசெய்துகொண்டிருந்தார். குண்டடி பட்டதும் தூக்கிப் போனவர்களிடம், என்னை இந்தப் பாறைக்குப் பின்னால் விட்டுவிட்டு நீங்கள் போங்கள் என்றாராம். எதிரி ஆயிரக்கணக்கில் செத்தான் என்று மார்தட்டி எழுதுகிறவர்கள் நிறைய. அந்தக் கணக்கு இல்லாமலே இது பெரிய விஷயம்தான்.

ஆனால் என்னை எழுந்து உட்கார வைத்தது வேறு. பிழைத்து வந்த சிலர் நடந்ததைச் சொன்னபோது அவர்களை யாரும் நம்பவில்லையாம். அப்படியெல்லாம் ஒரு கம்பெனி நின்று சாகுமா என்ற சந்தேகம். மூன்று மாதம் கழித்து, 1963 பிப்ரவரியில், ஆடு மேய்க்கிறவர் ஒருவர் அந்தப் பக்கம் போனதில்தான் தெரிந்தது. பனிக்குள் உறைந்து கிடந்தார்கள், துப்பாக்கியைப் பிடித்த பிடி விடாமல். மார்ட்டர் என்கிற குட்டிப் பீரங்கிக்காரர் கையில் குண்டு இருந்தது. ஆயிரம் மார்ட்டர் குண்டில் ஏழுதான் மிச்சம். மேஜர் அதே பாறைப் பக்கம். அவரை ஜோத்பூருக்குக் கொண்டுபோய் எரியூட்டினார்கள், பரம்வீர் சக்ரா கொடுத்தார்கள். மற்ற பெரும்பாலோருக்கு அந்த மலையிலேயே சிதை.

அப்போது நீங்கள் லேயில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள் வாயால் கேட்டதைத்தான் எங்களுக்குச் சொன்னீர்கள். அவ்வளவு பெரிய சாவை, பத்து வருடம் பட்டாளத்தில் இருந்த மனிதர், தட்டுவடை தின்ன வந்த பொடியன்களிடம் எதற்குப் பொய்யாகச் சொல்லப் போகிறார் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. பன்னிரண்டு வயது என்று சொல்லித் தப்பிக்கலாம். கடைக்காரருக்கு ஐம்பது வயது, அவர் பாட்டை அவர் பார்த்துக்கொள்ளட்டும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வருகிறேன். அந்தக் கடை இப்போது இல்லை, செவ்வாய்ப்பேட்டையிலிருந்து இரண்டு செட் வாங்கி வருவேன். உங்கள் பல் செட்டையும் எடுத்து மாட்டி வையுங்கள். பேரைக் கேட்டுச் சிரித்தவன் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறான், அவனையும் போனில் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறேன். அந்த ஊசிக்காரர் இடத்திலிருந்து ஆரம்பியுங்கள்.